சைக்கோபை மென்பொருள் மதிப்புரை: செயல்நினைவையும் கவனத்தையும் அளக்க இதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

செயல்நினைவையும் (ஒரு வேலையின் நடுவே தகவலைச் சிறிது நேரம் மனத்தில் பிடித்து வைக்கும் நினைவு) கவனத்தையும் ஆராய்கிறவர்களுக்கு இன்று இலவசமாகக் கிடைக்கும் கருவிகளில் முதலிடத்தைச் சைக்கோபைக்குத்தான் கொடுக்க வேண்டும். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜொனதன் பியர்ஸ் தொடங்கிய வேலை இது. 2007-இல் இதைப் பற்றிய முதல் கட்டுரை வந்தது; வளர்ந்த வடிவத்தை விளக்கும் கட்டுரை 2019-இல் வந்தது. உளவியல் சோதனைகளைக் கணினியில் கட்டி ஓட்டுவதற்கென்று பைத்தானில் எழுதப்பட்ட திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நிரல் எழுதத் தெரியாத முதுகலை மாணவரும் ஒரே மதியத்தில் ஒரு சோதனையைக் கட்டி ஓட்டிவிடலாம்.

ஆபத்தும் அந்தச் சுலபத்தில்தான் இருக்கிறது. திரையில் எழுத்து வருகிறது, விசையை அழுத்தினால் கோப்பில் எண் விழுகிறது. இதனாலேயே செயல்நினைவை அளந்துவிட்டதாக ஆகாது. அந்த எண் எங்கெங்கே பொய்யாகிறது, அதைத் தடுக்க இந்த மென்பொருளில் எதைத் தொட வேண்டும் என்பதுதான் வாங்குகிறவருக்கு, இங்கே காசு கொடுக்காமல் வாங்குகிறவருக்கு, உண்மையில் தேவைப்படும் தகவல்.

நினைவை நேரே பார்த்தவர் யாருமில்லை. ஆய்வாளர் கைக்கு வருவது இரண்டே: எந்த விசை அழுத்தப்பட்டது, எத்தனை நேரத்தில் அழுத்தப்பட்டது. 1974-இல் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் முன்வைத்த செயல்நினைவு மாதிரியானாலும் சரி, கொள்ளளவு நான்கு உருப்படிகளை ஒட்டியதுதான் என்று 2001-இல் நெல்சன் கோவன் வாதாடியதானாலும் சரி, சரி-தவறு எண்ணிக்கையையும் நேரத்தையும் வைத்துக் கட்டியவைதான். ஆகவே கருவியிடம் கேட்க வேண்டியவை மூன்று. சொன்ன நேரம் மட்டும் தூண்டலை, அதாவது எழுத்தையோ படத்தையோ, காட்டுகிறதா? சொன்ன வரிசையைக் காப்பாற்றுகிறதா? துலங்கலை, அதாவது விசை அழுத்தலை, பிசகில்லாமல் பதிகிறதா?

பில்டர்: கட்டும் விதம்

சைக்கோபையில் பில்டர் என்ற வரைபட முகப்பும், கோடர் என்ற நிரல் முகப்பும் உண்டு. பெரும்பாலானோருக்குப் பில்டரே போதும். ஒரு ட்ரையலில், அதாவது தூண்டல் ஒன்று வந்து அதற்குத் துலங்கல் ஒன்று தரும் ஒரு சுற்றில், நடப்பதை ‘ரொட்டீன்’ என்ற பெட்டிக்குள் வைக்கிறோம். அதற்குள் எழுத்து, படம், ஒலி, கீபோர்டு என்ற உறுப்புகள் ஒவ்வொன்றும் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பது காலக்கோட்டில் பட்டைபட்டையாகத் தெரியும். கீழே இருக்கும் ‘ஃப்ளோ’ பகுதியில் ரொட்டீன்களை வரிசையாக வைத்து, திரும்பத் திரும்ப ஓட வேண்டியதைச் சுற்றி ஒரு லூப் போட வேண்டும். ஒவ்வொரு ட்ரையலிலும் எது மாறுகிறது என்பதை எக்செல் கோப்பில் எழுதி லூப்புடன் இணைக்கிறோம். முதல் வரியில் மாறிகளின் பெயர். அடுத்த ஒவ்வொரு வரியும் ஒரு ட்ரையல் வகை.

புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் எல்லா வகுப்புகளிலும் ஒன்றேதான். மாறியின் பெயரில் இடைவெளி விடக் கூடாது. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுவேறாகக் கொள்ளப்படும். உறுப்பின் பெட்டியில் அந்த மாறியை எழுதும்போது, முன்னால் டாலர் குறி தேவைப்படும் இடத்தில் அதை விட்டால் மாறியின் மதிப்புக்குப் பதில் அதன் பெயரே திரையில் வந்து நிற்கும். பக்கத்தில் உள்ள ‘கான்ஸ்டன்ட்’ என்ற தேர்வை ‘ஒவ்வொரு சுற்றிலும் மாற்று’ என்று மாற்றாவிட்டால், சோதனை தொடங்கும் முன்பே மாறியைத் தேடி, அது இன்னும் பிறக்காததால் பிழை காட்டி நின்றுவிடும். பிழைச் செய்தி நீளமாகப் பைத்தானில் வந்து மிரட்டும். கடைசி வரியை மட்டும் படித்தால் போதும். முன்பின் நிரல் பார்க்காதவரைப் பயமுறுத்தும் இந்தச் செய்திகளை இன்னும் கனிவாக்கலாம். இது மென்பொருளின் உண்மையான குறை.

நேரம்: ஃப்ரேமை எண்ணத் தெரியாவிட்டால் எதுவும் இல்லை

திரை தொடர்ச்சியாக ஒளிர்வதில்லை. 60 ஹெர்ட்ஸ் திரை 16.67 மில்லிநொடிக்கு ஒருமுறை படத்தைப் புதுப்பிக்கிறது. ஒவ்வொரு புதுப்பிப்பும் ஒரு ஃப்ரேம். 100 மில்லிநொடி காட்ட வேண்டுமானால் சரியாக 6 ஃப்ரேம், 50 வேண்டுமானால் 3. 30 மில்லிநொடி என்பது 60 ஹெர்ட்ஸில் கிடையாது, 16.7 அல்லது 33.3 மட்டுமே கிடைக்கும். விளையாட்டுக்காக விற்கும் 144 ஹெர்ட்ஸ் திரையில் 100 மில்லிநொடிக்கு 14.4 ஃப்ரேம் வருவதால் அங்கே துல்லியமான 100 என்பது இல்லை. 120 ஹெர்ட்ஸ் திரையில் 12 ஃப்ரேம், கணக்கு சரி. ஆய்வுக்கூடத்துக்குத் திரை வாங்குகிறவர்கள் விலையையும் அளவையும் பார்ப்பதற்கு முன் இந்த வகுத்தலைச் செய்து பார்ப்பது நல்லது.

பில்டரில் கால அளவை நொடியிலும் தரலாம், ஃப்ரேம் எண்ணிக்கையிலும் தரலாம். 200 மில்லிநொடிக்குக் குறைவான எதற்கும் ஃப்ரேமில் தருவதே சரி. நொடியில் 0.1 என்று கொடுத்தால் சில ட்ரையல்களில் ஒரு ஃப்ரேம் கூடவோ குறையவோ வரலாம். ஒரு விஷயத்தில் எச்சரிக்கை தேவை: அதே 6 ஃப்ரேம் 120 ஹெர்ட்ஸ் மடிக்கணினியில் 50 மில்லிநொடியாகச் சுருங்கிவிடும். சோதனை ஓடும் கணினியின் ஃப்ரேம் வேகத்தைத் தரவுக் கோப்பிலேயே ஒரு நெடுவரிசையாகச் சைக்கோபை எழுதி வைக்கிறது. பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

ஃப்ரேம் தவறினால் லாக் கோப்பில் எச்சரிக்கை விழும். கடைசி ஃப்ரேமுக்கு எத்தனை மில்லிநொடி ஆனது என்று எழுதியிருக்கும். 33 என்றால் ஒரு ஃப்ரேம் போயிற்று. தவறுவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் இவையே: முழுத்திரையில் ஓட்டாமல் சிறு சன்னலில் ஓட்டுவது, புரொஜெக்டரையோ இரண்டாவது திரையையோ நகல் முறையில் இணைத்து வைப்பது, பின்னணியில் கிளவுட் ஒத்திசைவும் வைரஸ் ஸ்கேனும் ஓடுவது, செல்பேசியில் எடுத்த 4000 பிக்சல் படத்தைச் சுருக்காமல் போட்டு, ட்ரையல் நடுவே வட்டிலிருந்து ஏற்ற வைப்பது. கடைசிக் காரணத்துக்குப் பில்டரில் ‘ஸ்டேட்டிக்’ என்ற உறுப்பு இருக்கிறது. ட்ரையல்களுக்கு இடையே வெறும் கூட்டல் குறி காட்டும் அரை நொடியில் அடுத்த படத்தை அது ஏற்றி வைத்துவிடும். படங்களைத் திரையில் காட்டும் அளவுக்கே சுருக்கி வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

2020-இல் பீர்ஜே இதழில் வந்த ஒப்பீட்டில், சைக்கோபை, சைக்டூல்பாக்ஸ், ஈ-பிரைம், பிரசன்டேஷன் என்ற சோதனை மென்பொருள்கள் நான்கும் கணினியில் நேரடியாக ஓடும்போது சராசரியாக ஒரு மில்லிநொடிக்குள் நிலையாக இருந்தன. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் பியர்ஸும் ஒருவர் என்பதை மனத்தில் வைத்தே படிக்க வேண்டும். அளவீடுகள் வெளிக் கருவி கொண்டு எடுக்கப்பட்டவை. இன்னொன்று: இந்த நிலைத்தன்மை மென்பொருளின் குணம். சாதாரணக் கீபோர்டு தன் பங்குக்குச் சில பத்து மில்லிநொடி தாமதத்தைச் சேர்க்கக்கூடும். எல்லா நிலைகளிலும் அதே கீபோர்டு என்றால், ஒரே ஆளின் இரண்டு நிலைகளை ஒப்பிடும்போது அந்தத் தாமதம் பெரும்பாலும் கழிந்துவிடும். ஒரு குழுவை ஒரு கணினியிலும் மற்றக் குழுவை வேறு கணினியிலும் உட்கார வைத்தால் கழியாது.

என்-பேக் சோதனை: ஒரு லூப் தேர்வு முழு ஆய்வையும் கெடுக்கும்

என்-பேக்கில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இப்போது வந்தது, என் இடங்களுக்கு முன் வந்ததுதானா என்று சொல்ல வேண்டும். வழக்கமான அமைப்பு: எழுத்து அரை நொடி, பின் இரண்டரை நொடி வெற்றுத் திரை, ஒரு தொகுதிக்கு 20 கூட்டல் என் எழுத்துகள், அவற்றில் 6 இலக்குகள். பில்டரில் எழுத்துக்கு 0.5 நொடியும் கீபோர்டு உறுப்புக்கு முழு 3 நொடியும் கொடுக்க வேண்டும். ‘விசை அழுத்தியதும் ரொட்டீனை முடி’ என்ற தேர்வை இங்கே கட்டாயம் நீக்க வேண்டும். இல்லாவிட்டால் வேகமாக அழுத்துகிறவருக்குச் சோதனையும் வேகமாக ஓடும். நினைவில் வைத்திருக்க வேண்டிய நேரம் ஆளுக்கு ஆள் மாறிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பொறி லூப்பில் இருக்கிறது. லூப் போட்டதும் அதன் வகை தானாகவே ‘ரேண்டம்’ என்று நிற்கும். எக்செல்லில் கவனமாக அடுக்கிய வரிசையை அது கலைத்துவிடும். எழுத்துகள் வரும், விசைகள் பதிவாகும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஆனால் இலக்கு என்று குறித்த எழுத்து இப்போது இலக்கே அல்ல. மதிப்பெண் தற்செயல் அளவுக்கு இறங்கி, சோதனைக்கு வந்தவர் மேல் பழி விழும். என்-பேக்குக்கு ‘சீக்வென்ஷியல்’ மட்டுமே. ஆளுக்கு ஆள் வரிசை மாற வேண்டுமானால் ஐந்தாறு வரிசைக் கோப்புகளை முன்கூட்டியே தயாரித்து, கோப்புப் பெயர்களை வெளி லூப்பின் எக்செல்லில் எழுதி, வெளி லூப்பை மட்டும் கலைக்கலாம்.

வரிசையைத் தயாரிப்பதிலும் விவரம் இருக்கிறது. இரண்டு-பேக்கில் க, ம, ட, ம என்றால் கடைசி ம இலக்கு. க, ம, ம என்று அடுத்தடுத்து வந்தாலோ, ம, க, ட, ம என்று மூன்று இடம் தள்ளி வந்தாலோ அது இலக்கல்ல, மயக்கி. மயக்கிகளே இல்லாத வரிசையில் ‘இதைக் கொஞ்சம் முன்னால் பார்த்தோமே’ என்ற பரிச்சய உணர்வை வைத்தே தப்பித்துவிடலாம். இடத்தை நினைவில் பிடித்து வைக்க வேண்டிய கட்டாயமே எழாது. தொகுதிக்கு இரண்டு மூன்று மயக்கிகளாவது இருக்கட்டும்.

மதிப்பிடும்போது சரி விழுக்காட்டை நம்பக் கூடாது. இருபதில் ஆறே இலக்குகள் என்றால், எதையும் அழுத்தாமல் உட்கார்ந்திருப்பவருக்கும் 70 விழுக்காடு கிடைத்துவிடும். இலக்கைப் பிடித்த விகிதத்தையும் வீண் அழுத்தல் விகிதத்தையும் தனித்தனியே எடுத்து, இலக்கையும் இலக்கல்லாததையும் பிரித்தறியும் திறனின் அளவான டி-பிரைம் கணக்கிட வேண்டும். இரண்டு விகிதங்களையும் இயல்நிலைப் பரவலின் இசட் மதிப்புகளாக மாற்றி, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் அது கிடைக்கும். விகிதம் 0 அல்லது 1 ஆனால் கணக்கு முடிவிலிக்குப் போகும். அதனால் எண்ணிக்கையுடன் 0.5, மொத்தத்துடன் 1 என்று எல்லாருக்கும் ஒரே மாதிரி கூட்டிவிட்டே விகிதம் எடுப்பது வழக்கம். எக்செல் கோப்பில் சரியான விடை நெடுவரிசையில், அழுத்தக் கூடாத ட்ரையல்களுக்கு ‘நன்’ (None) என்ற ஆங்கிலச் சொல்லை எழுதினால், அழுத்தாததைச் சரியென்று மென்பொருளே குறித்துக்கொள்ளும்.

மாற்றம் கண்டறிதல்: கலரும் கோணமும்

1997-இல் ஸ்டீவன் லக்கும் எட்வர்ட் வோகலும் பயன்படுத்திய சோதனை இது. கலர்ச் சதுரங்கள் 100 மில்லிநொடி, 900 மில்லிநொடி இடைவெளி, பின் மீண்டும் சதுரங்கள். ஏதாவது மாறியதா, இல்லையா? மூன்று வரை ஏறத்தாழத் தவறே இல்லை, நான்கிலிருந்து சரிகிறது. காட்சிச் செயல்நினைவின் கொள்ளளவு குறித்த பேச்சில் இன்றும் அடித்தளம் இதுதான்.

சைக்கோபையில் இதைக் கட்ட எட்டுச் சதுர உறுப்புகளைப் போட்டு, ஒவ்வொன்றின் இடத்தையும் கலரையும் சிறு குறியீட்டு உறுப்பிலிருந்து தர வேண்டும். முற்றிலும் குறியீடு இல்லாமல் முடியாது. சதுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல், மையத்திலிருந்து மையத்துக்குக் குறைந்தது 2 பாகை (கண்ணில் விழும் கோண அளவு) இடைவெளி விடச் சரிபார்க்கும் நான்கு வரி நிரல் தேவை. பாகை என்ற அலகைப் பயன்படுத்த, மானிட்டர் சென்டரில் திரையின் அகலம், பிக்சல் எண்ணிக்கை, கண்ணிலிருந்து தூரம் மூன்றையும் கொடுக்க வேண்டும். அளவுகோல் வைத்து அளந்தே கொடுங்கள். 57 சென்டிமீட்டர் தூரத்தில் திரையில் 1 சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ 1 பாகை. இதை வைத்து ஒரே நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். தாடை வைக்கும் தாங்கி இல்லாத இடத்தில், நாற்காலியின் கால்கள் நிற்கும் இடத்தையாவது தரையில் டேப் ஒட்டிக் குறிக்கலாம்.

கலர் அளவுகோல் பலரைக் குழப்பும். சைக்கோபையின் வழக்கமான ஆர்ஜிபி அளவு −1 முதல் +1 வரை. மூன்றும் 0 என்றால் கறுப்பு அல்ல, நடுச் சாம்பல். கறுப்புக்கு மூன்றும் −1. வேறு மென்பொருள்களிலிருந்து 0 முதல் 255 வரையான எண்களைக் கொண்டுவந்தால், அதற்கான கலர் வெளியைத் தனியே தேர்ந்தெடுக்க வேண்டும். சோதனைக்கு முன் இஷிஹாரா அட்டைகளால் நிறக்குருட்டைப் பார்த்துவிடுவதும் அவசியம். இல்லாவிட்டால் கண்ணின் குறையை நினைவின் குறையாக எழுதிவிடுவோம்.

கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டாம் முறை ஒரே ஒரு சதுரத்தைக் காட்டிக் கேட்டால் கோவனின் சூத்திரம்: சதுர எண்ணிக்கை × (சரியாகக் கண்ட விகிதம் − வீண் விகிதம்). 6 சதுரம், 0.80, 0.20 என்றால் 3.6. எல்லாச் சதுரங்களையும் மீண்டும் காட்டினால் பாஷ்லரின் சூத்திரம்: மேலே வந்த விடையை (1 − வீண் விகிதம்) ஆல் வகுக்க வேண்டும், அதே எண்களுக்கு 4.5. எந்தக் காட்சிக்கு எந்தச் சூத்திரம் என்று பார்க்காமல் எடுத்தால் ஒரே தரவு இரண்டு கொள்ளளவு சொல்லும். இரண்டு அல்லது மூன்று சதுரம் மட்டும் காட்டி இந்தக் கணக்கைப் போடுவதும் வீண். காட்டிய எண்ணிக்கைக்கு மேல் விடை போகவே முடியாது.

கவனச் சோதனைகள்

இவற்றில் சைக்கோபை நன்றாகவே பொருந்துகிறது. குறியீடு கிட்டத்தட்டத் தேவையே இல்லை. மைக்கேல் போஸ்னரின் குறிப்புச் சோதனையில் இலக்கு வரப்போகும் பக்கத்தை ஓர் அம்பு முன்கூட்டியே காட்டும், இலக்கைக் கண்டதும் அழுத்த வேண்டும். அதற்கு எக்செல்லில் பத்து வரி போதும்: அம்பு சரியான பக்கம் காட்டும் எட்டு வரி, பொய்யாகக் காட்டும் இரண்டு வரி, இரண்டிலும் இடமும் வலமும் சமம். இங்கே லூப் ‘ரேண்டம்’ ஆகவே இருக்க வேண்டும். அம்புக்கும் இலக்குக்கும் இடையேயான நேரம் 200 மில்லிநொடிக்குள் இருந்தால் கண் அங்கே போய்ச் சேர நேரமிருக்காது. கண்ணை நகர்த்தாத கவனத்தை அளக்கிறோம் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். ஓரத்தில் மின்னும் குறிப்பைப் பயன்படுத்தி, இடைவெளியை 300 மில்லிநொடிக்கு மேல் நீட்டினால் விளைவே தலைகீழாகும். குறிப்பு வந்த இடத்தில்தான் துலங்கல் தாமதமாகும். இதை 1984-இலேயே போஸ்னரும் கோஹனும் காட்டியிருக்கிறார்கள். ‘எதிர்மாறாக வருகிறதே, மென்பொருள் கோளாறா’ என்று தேடுமுன் இடைவெளியைப் பாருங்கள். இலக்கே வராத வெற்று ட்ரையல்கள் சிலவற்றைக் கலந்தால், தாளம் பிடித்து முன்கூட்டியே அழுத்துகிறவர்கள் பிடிபடுவார்கள். 100 மில்லிநொடிக்குள் வந்த அழுத்தல் எதுவும் இலக்கைப் பார்த்து அழுத்தியது ஆகாது.

பார்பரா எரிக்சனும் சார்லஸ் எரிக்சனும் 1974-இல் எழுத்துகளை வைத்துத் தந்த ஃப்ளாங்கர் சோதனையை அம்புகளாலும் கட்டலாம்: பக்க அம்புகளைப் பொருட்படுத்தாமல் நடு அம்பின் திசையைச் சொல்ல வேண்டும். இதில் நடு அம்புக்கும் பக்க அம்புகளுக்கும் உள்ள தூரம்தான் உயிர். 1 பாகைக்கு மேல் விலகினால் பக்க அம்புகளின் இடையூறு மெலிந்துவிடும். ஐந்து அம்புகளையும் ஒரே எழுத்துச் சரமாகத் தட்டினால், இடைவெளியை எழுத்துரு தீர்மானிக்கும். கணினி மாறினால் எழுத்துருவும் மாறலாம். படமாக வைத்துக்கொள்வது மேல்.

தமிழில் சோதனை செய்கிறவர்களுக்கு

கொ, கோ, கௌ போன்று கொம்பும் காலும் பிரிந்து நிற்கும் எழுத்துகள் சைக்கோபையின் எழுத்து உறுப்பில் சில கணினிகளில் இடம் மாறியோ உடைந்தோ வரக்கூடும். ஒவ்வொரு எழுத்தையும் ஒவ்வொரு கணினியிலும் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, சொற்களைப் பிஎன்ஜி படங்களாக ஒரே எழுத்துருவில், ஒரே உயரத்தில் தயாரித்துப் பட உறுப்பில் காட்டுவதே உறுதியான வழி. கோப்புப் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

அதைவிட ஆழமான சிக்கல் ஒலியில் இருக்கிறது. காட்சியாகப் பார்த்த எழுத்தையும் மனம் ஒலியாகவே ஒப்பித்துக் காக்கிறது. ஒத்த ஒலியுள்ள எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்து மறக்கின்றன என்பது 1964-இல் கான்ராட் ஆய்வுகளிலிருந்தே தெரிந்தது. ஆங்கிலச் சோதனைகளில் எதுகை பட ஒலிக்காத மெய்யெழுத்துகளாகத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் அதுதான். தமிழில் க, ச, ட, த, ப என்று அடுக்கினால் எல்லாமே அகரத்தில் முடிகின்றன. குழப்பம் சோதனைக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். கூ, மி, தே, லோ என உயிரும் மெய்யும் இரண்டும் மாறும்படி எடுப்பது நல்லது.

எண்களும் அப்படியே. ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாமே உகரத்தில் முடிகின்றன. ஒன்றுகூட ஓரசைச் சொல்லாக ஒலிப்பதில்லை. ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை ‘செவன்’ தவிர மற்றவை ஒற்றை ஒலிப்பு. சொல் நீள நீள நினைவு வீச்சு (கேட்டதை வரிசை மாறாமல் திருப்பிச் சொல்ல முடியும் எண்ணிக்கை) குறைகிறது என்பதை 1975-இல் பேட்லியும் தாம்சனும் புக்கானனும் காட்டினார்கள். வெல்ஷ் மொழியில் எண் வீச்சு ஆங்கிலத்தைவிடக் குறைவாக வருவதை 1980-இல் எல்லிஸும் ஹென்னலியும் இதைக் கொண்டே விளக்கினார்கள். தமிழில் எண் சொல்லி எடுத்த வீச்சை ஆங்கில அட்டவணையோடு வைத்து, ஒரு குழந்தையின் நினைவாற்றல் குறைவு என்று எழுதிக் கொடுப்பது அநியாயம். தமிழ்க் குழந்தைகளை வைத்தே எடுத்த அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

இணையத்தில் ஓட்டினால்

அதே சோதனையைப் பாவ்லோவியா என்ற தளத்துக்கு ஏற்றி உலாவியில் ஓட்டலாம். பில்டரில் கட்டியதை ஜாவாஸ்கிரிப்டாக மென்பொருளே மாற்றித் தரும். இலவசம் இங்கே முடிகிறது: தரவு சேகரிக்க ஓர் ஆளுக்கு ஒரு கிரெடிட் என்று வாங்க வேண்டும், அல்லது நிறுவனம் ஆண்டு உரிமம் எடுக்க வேண்டும். பரிசோதித்துப் பார்க்கும் ‘பைலட்’ நிலைக்குக் காசில்லை.

கைப்படக் குறியீடு எழுதியிருந்தால் மொழிமாற்றம் தடுமாறும். நம்பை போன்ற பைத்தான் நூலகங்கள் உலாவியில் கிடையாது. படங்களும் எக்செல் கோப்புகளும் சோதனை அமைப்பின் ‘ஆன்லைன்’ பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கோப்புப் பெயர் மாறியில் இருந்து வந்தால் சில நேரம் தானாகச் சேராது, சோதனை ஏற்றும்போதே நின்றுவிடும். வருகிறவரின் திரை வேகம் தெரியாது என்பதால் இங்கே ஃப்ரேமில் அல்ல, நொடியில்தான் கால அளவு தர வேண்டும். செல்பேசியில் கீபோர்டு உறுப்பு வேலை செய்யாது. தொடுதலுக்கு மவுஸ் உறுப்பை வைக்க வேண்டும். திரையின் உண்மையான அளவை அறிய, 85.6 மில்லிமீட்டர் அகலமுள்ள வங்கி அட்டையைத் திரையில் வைத்து, ஒரு செவ்வகத்தை அதற்குச் சமமாக இழுக்கச் சொல்லும் முறை நன்றாக வேலை செய்கிறது. என்-பேக், ஃப்ளாங்கர் இரண்டையும் தயங்காமல் இணையத்தில் ஓட்டலாம். 50 மில்லிநொடிக்குக் கீழே காட்ட வேண்டிய எதையும் ஓட்ட வேண்டாம்.

எதற்கு இது போதாது

கூட்டலும் கழித்தலும் செய்துகொண்டே எழுத்துகளை நினைவில் வைக்கும் ஆபரேஷன் ஸ்பான் சோதனையைப் பில்டரில் புதிதாகக் கட்டுவது வீண் உழைப்பு. 3 முதல் 7 வரை தொகுதி அளவுகள், ஒவ்வொன்றும் மூன்று முறை, மொத்தம் 75 எழுத்துகள். பயிற்சியில் ஒருவர் எடுத்த சராசரி நேரத்தோடு 2.5 நியமவிலக்கத்தைக் கூட்டி அவருக்கே உரிய நேர வரம்பு; கணக்கில் 85 விழுக்காடு குறைந்தபட்சம். இதற்கு அடுக்கடுக்கான லூப்களும் நிறையக் குறியீடும் வேண்டும். 2005-இல் அன்ஸ்வொர்த் குழுவினர் தானியங்கி வடிவமாக வெளியிட்டது ஈ-பிரைமில். அது காசு கொடுத்து வாங்க வேண்டிய, விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள். உங்கள் துறையில் ஏற்கெனவே உரிமம் இருந்தால் ஸ்பான் சோதனைகளை அதில் ஓட்டுவதே அறிவுடைமை. என்-பேக்கை ஸ்பானுக்கு மாற்றாக வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். ரெடிக்கும் லிண்ட்சேயும் 2013-இல் தொகுத்த ஆய்வுகளில் இரண்டுக்கும் இடையேயான ஒட்டுறவு 0.20 அளவிலேயே இருந்தது. பெயரில் இரண்டும் செயல்நினைவுச் சோதனை. அளப்பது பெரும்பாலும் வேறுவேறு.

எந்த மென்பொருளாலும் தீராத பிரச்சினையும் ஒன்று உண்டு. ஃப்ளாங்கர், ஸ்ட்ரூப் (கலரின் பெயரைப் படிக்காமல், அது எழுதப்பட்ட கலரைச் சொல்லும் சோதனை) போன்றவை குழுச் சராசரியில் ஏறத்தாழ எப்போதும் விளைவைக் காட்டும். ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் அது இருப்பதாலேயே, ஆளுக்கு ஆள் வேறுபாட்டை அளக்க அவை நம்பகமற்றவை. 2018-இல் ஹெட்ஜ், பவல், சம்னர் மூவரும் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். நாற்பது ட்ரையல் ஃப்ளாங்கரை ஓட்டிவிட்டு, அந்த வித்தியாச எண்ணைத் தேர்வு மதிப்பெண்ணோடு ஒட்டுறவு பார்க்கும் ஆய்வேடுகள் இன்னும் எழுதப்படுகின்றன. அத்தகைய ஆய்வுக்குச் சைக்கோபையைக் குறை சொல்லியும் பயனில்லை, புகழ்ந்தும் பயனில்லை.

இறக்கிக்கொள்கிறவர்கள் முதல் நாளே செய்ய வேண்டியது: தனித்து நிறுவும் தொகுப்பை எடுத்து, சோதனை அமைப்பில் ‘இந்தப் பதிப்பைப் பயன்படுத்து’ என்ற இடத்தில் பதிப்பு எண்ணைக் குறித்துவிடுங்கள். ஆய்வு நடுவே மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டாம். பதிப்புக்குப் பதிப்பு உறுப்புகளின் நடத்தை மாறுவதுண்டு. முதல் ஆளை உட்கார வைக்கும் முன் நீங்களே ஒருமுறை முழுதும் ஓட்டி, வேண்டுமென்றே சில விடைகளைத் தவறாக அழுத்தி, அவை எவை என்று தாளில் குறித்து வைத்து, சிஎஸ்வி கோப்பைத் திறந்து வரிவரியாக ஒப்பிடுங்கள். சரி-தவறு நெடுவரிசை தாளோடு ஒத்துப்போனால், லாக் கோப்பில் ஃப்ரேம் எச்சரிக்கை இல்லாதிருந்தால், அடுத்த நாள் ஆட்களை வரச் சொல்லலாம்.